சோலார், பசுமை மின்சாரம், எஸ்பி பில்: சிங்கப்பூரில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

புளோக்குக்குக் கீழே, குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில், கோயில் அன்னதான வரிசையில் என்று எங்கே பேச்சு எழுந்தாலும் சோலார் பற்றி ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஊரிலிருந்து வரும் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே நிலைமை வேறு. உங்களுக்குச் சொந்தக் கூரை இருக்கிறதா, மின்சாரத்தை யாரிடம் வாங்குகிறீர்கள் என்ற இரண்டு விவரங்களை வைத்தே பெரும்பாலான பதில்கள் அமையும். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

வீட்டுல சோலார் போட்டா அரசாங்கம் எவ்வளவு மானியம் தரும்?

எதுவும் தராது. பேனல் வாங்கும் செலவில் ஒரு பகுதியை வீட்டுக்காரருக்குத் திருப்பித் தரும் திட்டம் சிங்கப்பூரில் இல்லை. சூரிய மின்சாரத்துக்கென்று சந்தை விலையைவிடக் கூட்டி நிர்ணயித்த கொள்முதல் விலையும் கிடையாது. ஊரில் 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. மச்சான் அதைப் பெருமையாகச் சொல்லியிருப்பார், உண்மைதான். ஆனால் அது இந்தியாவில் இருக்கும் வீட்டுக்கு.

இங்கே அரசாங்கம் வேறு வழிகளில் உதவுகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கூரைகளை மொத்தமாகச் சேர்த்து ஏலம் விடுவது, சிறிய அமைப்புகளுக்கு உரிமம் வேண்டாம் என்று விலக்களிப்பது, மிச்ச மின்சாரத்துக்கு எளிய முறையில் பணம் தருவது போன்றவை அவை. மானியம் இல்லாமலேயே கணக்கு கட்டுப்படியாகிறதா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

எங்க புளோக் மொட்டை மாடி முழுக்க பேனல். ஆனா என் பில் ஒரு காசுகூட குறையலையே?

குறையாது, ஏனென்றால் அந்த மின்சாரம் உங்கள் மீட்டருக்கு வருவதே இல்லை. 2008இல் செராங்கூன் நார்த்திலும் செம்பவாங் வெலிங்டன் சர்க்கிளிலும் வீவக இதைச் சோதித்துப் பார்த்தது. 2014இல் சோலார்நோவா திட்டம் வந்தது. அதில் வீவக புளோக்குகளோடு மற்ற அரசாங்கக் கட்டடங்களின் கூரைகளையும் சேர்த்து மொத்தமாக ஏலம் விடுகிறார்கள். ஏலத்தில் வென்ற நிறுவனம் தன் பணத்தில் பேனல்களைப் பொருத்திப் பராமரிக்கிறது. பேனல்கள் அந்த நிறுவனத்துக்கே சொந்தம், வீவகவுக்கு அல்ல.

பகலில் உற்பத்தியாகும் மின்சாரம் முதலில் மின்தூக்கி, தண்ணீர் பம்பு, பொது விளக்கு போன்ற பொதுச் சேவைகளுக்குப் போகும். நகர மன்றம் அதற்கு வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்த விலை கொடுக்கிறது. மிச்சம் மின்கட்டமைப்புக்குப் போய்விடும். 2030க்குள் தன் கூரைகளில் 540 மெகாவாட் நிறுவ வேண்டும் என்பது வீவகவின் இலக்கு.

சரி, நகர மன்றத்துக்கு மிச்சமாகுதுல்ல, அப்ப மாதப் பராமரிப்புக் கட்டணத்தைக் குறைக்கலாமே?

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கட்டணத்தில் துப்புரவு, மின்தூக்கிப் பராமரிப்பு, சம்பளம், பழுதுபார்ப்புக்கான சேமிப்பு என்று பல செலவுகள் அடங்கியிருக்கின்றன. பொது விளக்குகளும் மின்தூக்கியும் இரவிலும் ஓடும், அப்போது பேனல் உதவாது. கட்டணம் ஏறும் வேகம் கொஞ்சம் மட்டுப்படலாம். குறையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வீவக வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்ன பேனல் மாட்டி பிளக்ல சொருகிட்டா போதுமாமே?

வேண்டாம். வெளிச்சுவர் உங்களுடையது அல்ல, அங்கே எதையும் நம் இஷ்டத்துக்குப் பொருத்த முடியாது. பத்தாவது மாடியிலிருந்து பேனல் கழன்று விழுந்தால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டு வயரிங்கோடு எந்த உற்பத்திக் கருவியை இணைப்பதாக இருந்தாலும் உரிமம் பெற்ற மின்பணியாளர் வழியாக, மின்கட்டமைப்பை நடத்தும் எஸ்பி குரூப்புக்கு விண்ணப்பித்துத்தான் செய்ய வேண்டும். ஜன்னலுக்கு உள்பக்கம் சின்ன பேனலை வைத்துக் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றுவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் பில்லில் அது தெரியாது.

அப்ப வீவகல இருக்கிறவங்க பசுமை மின்சாரம் வாங்க வழியே இல்லையா?

வழி உண்டு. திறந்த மின்சாரச் சந்தை 2018 ஏப்ரலில் ஜூரோங்கில் தொடங்கி, அதே ஆண்டு நவம்பர் முதல் வட்டாரம் வட்டாரமாக விரிந்து, 2019 மே மாதத்தில் தீவு முழுவதற்கும் வந்தது. அன்று முதல் எஸ்பியிடமே வாங்கலாம், வேறு விற்பனை நிறுவனத்துக்கும் மாறலாம். அந்த நிறுவனங்களில் சில, சாதாரணத் திட்டங்களோடு பசுமைத் திட்டங்களையும் விற்கின்றன.

சேருவது சுலபம். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் விலை ஒப்பீட்டுத் தளத்தில் திட்டங்களைப் பாருங்கள். பிடித்ததை எடுத்து, அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் உங்கள் எஸ்பி கணக்கு எண்ணைக் கொடுத்துப் பதியுங்கள். பதிவதற்கு முன் திட்ட விவரத்தாளை முழுக்கப் படியுங்கள். எத்தனை மாத ஒப்பந்தம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், வைப்புத்தொகை உண்டா, ஒப்பந்தம் முடிந்ததும் எந்த விலைக்குப் புதுப்பிப்பார்கள் என்ற நான்கும் முக்கியம். கடைசி விவரத்தைப் பார்க்காமல் விட்டவர்கள்தான் பிறகு அதிகமாகப் புலம்புகிறார்கள். புளோக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் கேட்டார் என்பதற்காக உடனே பில்லையும் சிங்பாஸ் மின்னிலக்க அடையாளத்தையும் நீட்டாதீர்கள். துண்டுப் பிரசுரத்தை வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து படியுங்கள்.

மாறும்போது கரண்டு போகுமா? வயர், மீட்டர் எல்லாம் மாத்துவாங்களா?

போகாது, மாற்ற மாட்டார்கள். கம்பிகளும் மின்கட்டமைப்பும் எப்போதும் எஸ்பி குரூப்பின் பொறுப்பு. மின்தடை வந்தால் அவர்களைத்தான் அழைப்பீர்கள். யாருடைய விலைக்கு வாங்குகிறீர்கள் என்பது மட்டுமே மாறுகிறது.

பசுமைத் திட்டம் எடுத்தா எங்க வீட்டுக்கு சூரிய மின்சாரம் மட்டும்தான் வருமா?

இல்லை. சிங்கப்பூர் மின்சாரத்தில் கிட்டத்தட்ட 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. எல்லா மின்சாரமும் ஒரே மின்கட்டமைப்பில் கலக்கிறது. பத்துப் பேர் தண்ணீர் ஊற்றிய தொட்டியிலிருந்து நீங்கள் மொள்ளும் குவளையில் யார் ஊற்றியது இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்? மின்சாரமும் அப்படித்தான்.

அதனால் கணக்கைச் சான்றிதழ் வழியாக வைக்கிறார்கள். புதுப்பிக்கத்தக்க மூலத்திலிருந்து ஒரு மெகாவாட் மணி, அதாவது 1,000 யூனிட், உற்பத்தியானால் ஒரு புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழ் உருவாகும். நீங்கள் பயன்படுத்திய அளவுக்குச் சான்றிதழ்களை நிறுவனம் வாங்கி, உங்கள் பெயரில் கணக்கு முடித்துவிடும். அதன்பின் அதே சான்றிதழை வேறு யாருக்கும் விற்க முடியாது. இதற்கென்று 2021இல் எஸ்எஸ் 673 என்ற சிங்கப்பூர்த் தரநிலையும் வெளிவந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சில திட்டங்கள் சான்றிதழுக்குப் பதிலாகக் கரிம ஈட்டுத்தொகைப் புள்ளிகளை வைத்து ‘கரிமச் சமநிலை’ என்று விளம்பரம் செய்கின்றன. உலகில் எங்கோ காடு வளர்த்ததற்கோ அடுப்பு மாற்றிக் கொடுத்ததற்கோ வந்த புள்ளிகளாக அவை இருக்கலாம். தவறில்லை, ஆனால் சூரிய மின்சாரம் வேறு, அது வேறு. விற்பவரிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: இது சான்றிதழா, ஈட்டுப் புள்ளியா? எந்த நாட்டில் உருவானது? பதில் இழுபட்டால் நான் சாதாரணத் திட்டத்தையே எடுப்பேன்.

2021ல சில கம்பெனி மூடிட்டுப் போயிட்டாங்களே. நம்பிச் சேரலாமா?

2021 கடைசியில் எரிவாயு விலை எகிறியபோது, நிலையான விலைக்கு விற்றுக்கொண்டிருந்த சில நிறுவனங்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் வெளியேறின. ஐஸ்விட்ச் அவற்றில் பெரியது. யாருடைய வீட்டிலும் விளக்கு அணையவில்லை. வாடிக்கையாளர்களின் கணக்குகள் எஸ்பிக்கு மாற்றப்பட்டன. ஆகவே மின்சாரம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். மலிவு விலை பாதியில் போய்விடலாம், அவ்வளவுதான். வைப்புத்தொகை கேட்காத திட்டமாக எடுத்தால் அந்தக் கவலையும் குறையும்.

கம்பெனி மாறினா யு-சேவ் நின்னுடுமா?

நிற்காது. பில்லைச் சமாளிக்க அரசாங்கம் தரும் இந்தக் கழிவு, தகுதியுள்ள வீவக குடும்பங்களுக்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் வழக்கம்போல எஸ்பி கணக்கில் வரும்.

பருவநிலைப் பற்றுச்சீட்டு வச்சு பேனல் வாங்கலாமா?

முடியாது. 2024 ஏப்ரலில் வீவக வீடுகளுக்கு 300 வெள்ளி கொடுத்தார்கள். 2025இல் அவர்களுக்கு இன்னும் 100 வெள்ளியும், தனியார் வீடுகளுக்கு 400 வெள்ளியும் கிடைத்தன. குளிர்பதனப் பெட்டி, குளிரூட்டி, எல்இடி விளக்கு, டிசி மின்விசிறி, துணி துவைக்கும் இயந்திரம், தண்ணீர்க் குழாய் போன்ற சிக்கனப் பொருள்களுக்குத்தான் அது செல்லும். 2027 டிசம்பர் 31 வரை பயன்படுத்தலாம்.

வீவகவில் இருப்பவர்களுக்கு என் கருத்தைச் சொல்கிறேன். எந்தப் பசுமைத் திட்டத்தில் சேரலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, இந்தப் பற்றுச்சீட்டை வைத்துப் பழைய குளிர்பதனப் பெட்டியை மாற்றினால் பில்லில் வித்தியாசம் நிச்சயமாகத் தெரியும்.

எங்களுக்குத் தரைவீடு. எவ்வளவு பேனல் போடலாம், எவ்வளவு கரண்டு வரும்?

ஒரு கிலோவாட் பேனலுக்கு ஏறக்குறைய 5 சதுர மீட்டர் கூரை வேண்டும். இங்குள்ள வெயிலுக்கு ஒரு கிலோவாட், ஆண்டுக்குச் சுமார் 1,200 யூனிட் தரும். 10 கிலோவாட் போட 50 சதுர மீட்டர் தேவைப்படும். அது ஆண்டுக்கு 12,000 யூனிட், மாதத்துக்குச் சராசரியாக 1,000 யூனிட் தரும். சராசரி என்பதை மறக்காதீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் கூடும். நவம்பர், டிசம்பர் மழையில் சரியும்.

இந்த அளவுக்கு மின் உற்பத்தி உரிமம் வேண்டியதில்லை, ஒரு மெகாவாட்டுக்குக் கீழ் விலக்கு உண்டு. கூரை எடையைத் தாங்குமா என்பதைப் பொறியாளர் பார்க்க வேண்டும். மின் இணைப்பு விண்ணப்பத்தை உரிமம் பெற்ற மின்பணியாளர் எஸ்பியிடம் கொடுப்பார். இரு பக்கமும் அளக்கும் மீட்டர் வரும். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடமாக இருந்தால் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் முதலில் பேசுங்கள்.

பேனல் தெற்குப் பக்கம்தான் பார்க்கணும்னு ஊர்ல சொல்றாங்களே?

ஊரில் அது சரி. நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறோம். சூரியன் ஆண்டில் பாதி வடக்கே சாய்ந்தும் மீதி தெற்கே சாய்ந்தும் போகும். அதனால் இங்கே திசை அவ்வளவு முக்கியமில்லை. கிழக்கு மேற்காகச் சரியும் கூரையும் நன்றாக வேலை செய்யும். பக்கத்து வீட்டுக்காரர் எழுப்பிய மூன்றாவது மாடியின் நிழல்தான் பெரிய எதிரி. பேனலைத் தட்டையாகப் போடாமல் ஓரளவு சாய்வாகப் போடச் சொல்லுங்கள், மழையே தூசியைக் கழுவிவிடும்.

இவ்வளவு வெயில் கொளுத்துதே, அப்ப உற்பத்தி அள்ளிட்டுப் போகணுமே?

பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. 25 பாகை செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு பாகை ஏறும்போதும் பேனலின் திறன் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 விழுக்காடு குறையும். மதியம் கூரைமேல் பேனலின் சூடு 50 பாகையைத் தாண்டிவிடும். பிறகு நம் மேகங்கள் வேறு. நிறுவனம் காட்டும் மதிப்பீட்டில் கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 1,500 யூனிட் என்று போட்டிருந்தால் அதற்கு விளக்கம் கேளுங்கள்.

மிச்சக் கரண்டை எஸ்பி என்ன விலைக்கு எடுத்துக்கும்?

எஸ்பியிடம் ஒழுங்குமுறைக் கட்டணத்தில் வாங்கும் வீடுகளுக்கு எளிமைப்படுத்தப்பட்ட வரவு முறை என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் வெளியே அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டுக்கும், அந்தக் காலாண்டின் கட்டணத்திலிருந்து மின்கட்டமைப்புச் செலவைக் கழித்துவிட்டு மீதியைப் பில்லில் வரவு வைப்பார்கள். கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும், வரவும் சேர்ந்தே மாறும்.

கணக்கு புரிவதற்காக, வரியை விட்டுவிட்டு, கட்டணம் 30 காசு, வரவு 22 காசு என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன 1,000 யூனிட்டில் பாதியைப் பகலில் நீங்களே பயன்படுத்தினால் 500 யூனிட் வாங்கவேண்டியதில்லை, 150 வெள்ளி மிச்சம். மற்ற 500 யூனிட்டுக்கு 110 வெள்ளி வரவு. ஆக 260 வெள்ளி. எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுகிற வீட்டில் இது கொஞ்சம் குறையும். தாத்தா பாட்டி பகலில் வீட்டில் இருந்தால் கூடும். துணி துவைப்பதையும் மின்வாகனத்துக்குச் சார்ஜ் போடுவதையும் மதியத்துக்கு மாற்றினால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8 காசு லாபம்.

நாங்க ஏற்கெனவே வேற கம்பெனிகிட்ட மலிவா வாங்குறோம். அதோட சோலாரும் போட்டா ரெட்டை லாபம்தானே?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். விற்பனை நிறுவனத்துக்கு மாறியதும் முந்தைய பதிலில் சொன்ன வரவு முறை உங்களுக்குப் பொருந்தாது. மேம்படுத்தப்பட்ட மைய இடையீட்டுத் திட்டத்தில் பதிய வேண்டும். அதில் வெளியே அனுப்பும் மின்சாரத்துக்கு மொத்தச் சந்தை (மின்நிலையங்கள் மொத்தமாக விற்கும் சந்தை) விலைதான் கிடைக்கும். அது அரை மணிக்கு ஒருமுறை மாறும். பதியாமல் விட்டால் அனுப்பும் மின்சாரத்துக்குப் பணமே வராது.

அதே வீட்டை எடுப்போம். மாதம் 1,100 யூனிட் செலவு, அதில் 500 பேனலிலிருந்து, 600 வெளியிலிருந்து. எஸ்பியிடம் இருந்தால் 180 வெள்ளி பில்லில் 110 கழிந்து 70 வெள்ளி. நிறுவனத்திடம் 27 காசுக்கு வாங்கினால் பில் 162 வெள்ளி. மொத்தச் சந்தையில் சராசரி 12 காசு கிடைத்த மாதத்தில் 60 வெள்ளி கழிந்து 102 வெள்ளி. மூன்று காசு மலிவைப் பார்த்து மாதம் 32 வெள்ளி கூடுதலாகக் கட்டுவீர்கள். சந்தை விலை உயர்ந்தால் கணக்கு திரும்பலாம். மிச்சம் அதிகம் அனுப்பாத வீட்டுக்கு இந்த வித்தியாசம் சிறியது. எப்படியிருந்தாலும் உங்கள் எண்களைப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம்.

ஒரு காசு வேண்டாம், சும்மாவே பேனல் போட்டுத் தர்றோம்னு சொல்றாங்க. எடுக்கலாமா?

சோலார்நோவாவில் நடப்பதுதான் இது, உங்கள் கூரையில். பேனல் அவர்களுடையது, அது தரும் மின்சாரத்தைத் தள்ளுபடி விலைக்கு நீங்கள் வாங்குவீர்கள். ஒப்பந்தம் 15, 20 ஆண்டு என்று நீளும். கூரையில் ஒழுகல் வந்தால் பேனலைக் கழற்றி மாட்டும் செலவு யாருடையது, வீட்டை விற்றால் ஒப்பந்தம் யாருக்குப் போகும், விலை ஆண்டுதோறும் ஏறுமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். கையில் பணம் இருந்தால் சொந்தமாகப் போடுவதே மேல் என்பேன். பேனலுக்கு 25 ஆண்டு வரை உத்தரவாதம் உண்டு, ஆனால் பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரை இடையில் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

கொண்டோவுல இருக்கோம். கூரைல போட முடியுமா?

முடியும், ஆனால் கூரை பொதுச் சொத்து. நிர்வாகக் குழு பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டும். வீவக போலவே பொது விளக்கு, மின்தூக்கி, நீச்சல்குளப் பம்புக்குத்தான் அந்த மின்சாரம் போகும். குறிப்பேட்டில் எண்களோடு வரும் குடியிருப்பாளர் ஒருவர் இருந்தால் கூட்டம் சீக்கிரம் நகரும்.

ஏரியா முழுக்க கரண்டு போயிட்டா, பேனல் இருக்கிற வீட்டுல மட்டும் விளக்கு எரியுமா?

எரியாது. மின்கட்டமைப்பில் மின்சாரம் இல்லை என்று தெரிந்ததும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். இல்லையென்றால் கம்பியைப் பழுதுபார்ப்பவருக்கு உங்கள் வீட்டு மின்சாரம் பாயும். பேட்டரியும், தனித்து இயங்கும் வசதியுள்ள இன்வெர்ட்டரும் இருந்தால் எரியும். மின்தடை அரிதான சிங்கப்பூரில் அதற்காக மட்டும் பேட்டரி வாங்குவது எனக்கு வீண் செலவாகவே படுகிறது.

இத்தனை கூரைல போட்டும் நாட்டுக்குப் போதுமா?

போதாது. 2021இல் அரசாங்கம் வெளியிட்ட சிங்கப்பூர்ப் பசுமைத் திட்டத்தில் 2030க்குள் குறைந்தது 2 கிகாவாட் என்று இலக்கு வைத்தார்கள். அது அந்த ஆண்டின் மின்தேவையில் ஏறக்குறைய 3 விழுக்காடுதான். இடமில்லாததால்தான் 2021 ஜூலையில் தெங்கே நீர்த்தேக்கத்தில் 60 மெகாவாட் மிதக்கும் பண்ணை வந்தது. 2022 ஜூனில் லாவோஸ் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக 100 மெகாவாட் வரை வரத் தொடங்கியது. 2035க்குள் ஏறக்குறைய 6 கிகாவாட் இறக்குமதி செய்யத் திட்டமிடுகிறார்கள்.

எங்க கூரைல பேனல் இருக்கு. சான்றிதழை வேற ஒருத்தருக்கு வித்துட்டோம். இப்பவும் எங்க வீடு சூரிய மின்சாரத்துல ஓடுதுன்னு சொல்லலாமா?

பில் குறைந்தது உண்மை, அதைச் சொல்லலாம். ஆனால் பசுமை என்ற உரிமை சான்றிதழோடு போய்விட்டது. அதை வாங்கியவரும் அதே யூனிட்டைத் தன் கணக்கில் காட்டுவார், ஒரே யூனிட்டை இருவர் எண்ண முடியாது. வீட்டுக்காரருக்கு இதனால் பெரிய சிக்கல் இல்லை. கடை, உணவகம், அலுவலகம் நடத்துபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ‘100 விழுக்காடு சூரிய மின்சாரம்’ என்று வாசலில் பலகை வைப்பதற்கு முன், இலவசமாகப் பேனல் போட்ட நிறுவனத்துடனான ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் சான்றிதழ் யாருக்கு என்று ஒரு பத்தி அதில் இருக்கும்.